கணவர் பெயர் எழுதாத கட்டம்

1903 ஜூலை இறுதியில் கல்கத்தாவிலிருந்து 'தி கிளைட்' என்ற கப்பல் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கிளம்பியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றிப்போன எத்தனையோ கப்பல்களில் அதுவும் ஒன்று. 1838 முதல் 1917 வரை அந்தக் குடியேற்ற நாட்டுக்கு இப்படிப் போன இந்தியர்கள் சுமார் 2,39,000 பேர். கிளைட் கப்பலில் சுஜாரியா என்ற பெண் தனியாக இருந்தார். வயது 27, சாதி பிராமணர், ஊர் பீகாரின் சாப்ரா வட்டாரம் என்று அவருடைய குடியேற்றச் சீட்டு சொல்கிறது. நான்கு மாதக் கர்ப்பம் என்றும் அதில் குறித்திருக்கிறார்கள். கணவர் பெயர் இல்லை. நடுக்கடலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நவம்பர் முதல் வாரத்தில் தாயும் பிள்ளையும் கயானாவில் கரையிறங்கினார்கள். அந்தக் குழந்தையின் பேத்திதான் அமெரிக்கப் பத்திரிகையாளர் கயூத்ரா பகதூர். கொள்ளுப்பாட்டி விட்டுப்போன இந்த ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களிலும் பீகார் கிராமங்களிலும் அவர் தேடியதன் விளைவு, 2013இல் வெளிவந்த 'கூலி வுமன்' நூல். நூறாண்டுக்கு முன்பு காணாமல் போன கணவர் கடைசிவரை அதில் அகப்படவில்லை. நூலின் முக்கியமான இடங்களில் பகதூர் பதில்களுக்குப் பதிலாகக் கேள்விகளையே அடுக்கிக்கொண்டு போகிறார்.

துப்புத் துலங்காத கதை என்று இதைச் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் படித்திருப்பார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் 'காணாமல் போன கணவர்' என்று ஓர் ஆளைக் கற்பித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தச் சொற்றொடருக்குள் உண்மையில் மூன்று பேர் இருக்கலாம்: பெண்ணைச் சடங்குப்படி மணந்தவர், வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பன், அவளை விட்டுப் போனவர் அல்லது அவள் விட்டுவிட்டு வந்தவர். மூவரும் ஒருவராகவே இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்ற இரண்டும் தானே விளங்கிவிடும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான தேடல்கள் சறுக்குகின்றன. இந்த மூன்று கேள்விகளையும் பிரித்துவைத்துப் பார்த்தால், சுஜாரியாவின் சீட்டில் உள்ள வெற்றிடம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே பேசுகிறது. அதை ஒரு பெயரால் நிரப்ப அவசரப்படுகிறவர்கள் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். குடியேற்றச் சீட்டு என்பது அச்சடித்த படிவம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, நெருங்கிய உறவினர், மணமானவர் என்றால் துணையின் பெயர், மாவட்டம், தாணா (காவல் நிலைய எல்லை), ஊர், உடலில் உள்ள அடையாளம், உயரம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த டெப்போவின் மருத்துவரும் கப்பல் மருத்துவரும் குடியேற்றக் காப்பாளரும் கையெழுத்திடுவார்கள். படிவம் யாருக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளைத் தோட்டத்தில் ஒப்படைப்பதற்கு, ஓடிப்போனால் அடையாளம் காண்பதற்கு, உழைக்கும் உடம்புதானா என்று உறுதிசெய்வதற்கு. தழும்பும் உயரமும் அதனால்தான் தவறாமல் இடம்பெற்றன. கர்ப்பம் என்ற குறிப்பு பதிந்ததும் இதே கணக்கில்தான். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவள் சில மாதம் வயலில் இறங்க மாட்டாள். கணவர் பெயர் இந்தக் கணக்கில் அவ்வளவு பெரிய உருப்படி அல்ல. அது தேவைப்பட்டது வேறொரு காரணத்துக்காக. ஒவ்வொரு கப்பலிலும் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருந்தாக வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விகிதம் வகுத்திருந்தார்கள். பெண்கள் கிடைக்காமல் ஆள்பிடிகாரர்கள் திண்டாடினார்கள். அதே சமயம், பிறர் மனைவியைக் கடத்திக்கொண்டுபோய் ஏற்றினார்கள் என்ற புகாரும் ஓயவில்லை. தனியாக வந்து நிற்கும் பெண்ணிடம் 'உன் கணவன் யார்' என்று கேட்பது அதிகாரிக்குத் தற்காப்பு.

எழுத்தர் சோம்பேறியாக இருந்திருக்கலாமே, விட்டுப்போனதற்கு இத்தனை அர்த்தம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தப் பதிவுகளில் பெயர்கள் சிதைந்திருக்கின்றன, வயதுகள் தோராயமானவை, ஊர்கள் ஆங்கில உச்சரிப்பில் அடையாளம் தெரியாமல் உருமாறியிருக்கின்றன. ஆனால் சோம்பேறித்தனம் பிற கட்டங்களையும் சேர்த்துத்தான் பாதிக்கும். வயது, சாதி, ஊர், கர்ப்ப மாதம் எல்லாம் எழுதியவர் கணவர் பெயரை மட்டும் மறந்தார் என்பதை நம்புவதற்குத் தனிக் காரணம் வேண்டும். தவிர, இந்த வெற்றிடம் சுஜாரியாவுக்கு மட்டும் உரியதல்ல. ஃபிஜித் தீவுக்குப் போனவர்களின் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், வயதுவந்த பெண்களில் பெரும்பான்மையோர் கணவன் துணையின்றிப் போனவர்கள் என்று காட்டியிருக்கிறார். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எழுத்தரைக் குற்றம் சொல்லலாம். பாதிக்கு மேற்பட்ட கட்டங்கள் வெறுமையாக இருந்தால் அந்தப் பெண்கள் வந்த வீடுகளைத்தான் விசாரிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நிரம்பிய கட்டம் நம்பத்தக்கது என்று யார் சொன்னது? டெப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த வாரங்களில் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் கணவன் மனைவி என்று பதிந்துகொண்டதை 'டெப்போ கல்யாணம்' என்றே அழைத்தார்கள். அப்படிப் பதிந்த பெயரைப் பார்த்துக் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார் என்று மகிழும் குடும்பத்தைவிட, வெற்றிடத்தைப் பார்த்துத் திகைக்கும் குடும்பம் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சுஜாரியா தன் சாதியைப் பிராமணர் என்று சொன்னதையும் சந்தேகிப்பவர்கள் உண்டு. கப்பல் ஏறும்போது சாதியை உயர்த்திச் சொல்லிக்கொண்டவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் தோட்டக்காரர்களுக்குப் பிராமணக் கூலிகளைப் பிடிக்காது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை, வம்பு வளர்க்கிற வாய் என்று அவர்களைத் தவிர்க்கவே பார்த்தார்கள். பொய் சொல்வதானால் வேறு சாதி சொல்வதுதான் ஆதாயம். தனக்குக் கேடு தரக்கூடிய கூற்றுக்குச் சாட்சியச் சட்டம் கூடுதல் மதிப்பு தருவதுபோல நாமும் இந்தக் கட்டத்துக்குக் கூடுதல் மதிப்பு தரலாம். அப்படித் தந்தால் ஒரு விளைவு உண்டு. அன்றைய பீகாரில் பிராமண விதவைக்கு மறுமணம் கிடையாது. 27 வயதில் விதவையாகி, வயிற்றில் பிள்ளையும் வந்துவிட்டால், அந்த ஊரில் வாழ வழியில்லை. கணவர் இறந்துபோயிருந்தால் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தில் எழுத எதுவும் இருந்திருக்காது. இந்த ஊகம் எல்லாவற்றுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கச்சிதமாகப் பொருந்துவதாலேயே நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க விரும்புகிறேன். வீட்டில் அடித்துத் துன்புறுத்திய கணவரை விட்டு ஓடிவந்தவளுக்கும் அதே வெற்றிடம்தான் பொருந்தும். பெயரைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். வேலை தேடிக் கல்கத்தா போன கணவரைத் தேடிக் கிளம்பி, வழியில் ஆள்பிடிகாரன் கையில் சிக்கியவளுக்கும் பொருந்தும்.

கடைசியாகச் சொன்னது வெறும் கற்பனை அல்ல. சாப்ராவைத் தலைநகராகக் கொண்ட சாரண் மாவட்டம் ஆண்களை வெளியே அனுப்பியே பிழைத்த மாவட்டம். அறுவடைக் காலத்துக்கும் சணல் ஆலைக்கும் கிழக்கு நோக்கிப் போனவர்கள் வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. பரதேசம் போன கணவனையும் காத்திருக்கும் மனைவியையும் வைத்து 'பிதேசியா' நாடகத்தை உருவாக்கிய பிகாரி தாக்கூர் 1887இல் பிறந்தது அந்த மாவட்டத்தில்தான். ஓர் ஊரின் கலையே கணவர்கள் காணாமல் போவதைப் பற்றியதாக இருந்தால், ஒரு கணவர் காணாமல் போனதில் மர்மம் என்று சொல்ல என்ன இருக்கிறது? 1883இல் வங்க மாகாணத்தில் குடியேற்றம் பற்றி ஆய்வறிக்கை எழுதிய ஜார்ஜ் கிரியர்சன் (பின்னாளில் இந்திய மொழிகளின் அளவைக்குத் தலைமை தாங்கியவரும் இவரே), கப்பலேறிய பெண்களைக் கணவரோடு போகிறவர்கள், ஆதரவற்ற விதவைகள், கணவன் வீட்டிலிருந்து வெளியேறியவர்கள், விலைமகளிர் என்று வகைபிரித்தார். பின்னால் எழுதிய பலரும் இந்த வகைகளில் ஏதோ ஒன்றில் ஒவ்வொரு மூதாட்டியையும் உட்காரவைத்துவிடப் பார்க்கிறார்கள். வகைகள் கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை. கூட்டத்தில் பாதிப்பேர் விதவைகள் என்றே வைத்துக்கொண்டாலும் சுஜாரியா விதவையா என்பதற்கு அது பதிலாகாது.

தாளிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க முடியும். ஜூலையில் நான்கு மாதம் என்றால் பிள்ளை பிறக்க வேண்டியது டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில். பிறந்ததோ நவம்பர் தொடங்கும் முன்பே, கடலில். ஒன்று, குறைமாதப் பிரசவம். அந்தக் கால நெடுங்கப்பல் பயணத்தில் அது நடக்கக்கூடியதே. அல்லது, டெப்போ மருத்துவர் குத்துமதிப்பாக எழுதிய மாதக் கணக்கு பிசகானது. மாதத்தைக் குறைத்துச் சொல்ல அவளுக்கே காரணம் இருந்திருக்கலாம். நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணை ஏற்ற மருத்துவர் தயங்குவார். எந்தக் கணக்கை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துக் கருத்தரித்த காலம் மார்ச்சிலிருந்து ஜனவரிக்குத் தாவுகிறது. பிள்ளையின் தகப்பன் யார் என்று ஊகிக்கிறவர் எவரும் இந்த இரண்டு மாத இடைவெளியைக் கடந்தாக வேண்டும். கிழக்கே வேலைக்குப் போன ஆண் அந்த இரண்டு மாதத்தில் எதில் ஊரில் இருந்தார் என்பதைச் சொல்லும் பதிவு எங்கும் கிடையாது.

ஊர்ப்பெயர் கட்டத்தில் இருப்பதால் அங்கே போய் விசாரித்தால் ஆகாதா என்று தமிழ் வாசகருக்குத் தோன்றும். நம் பக்கத்தில் அத்தை மகனையோ மாமன் மகனையோ பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொள்வது சாதாரணம். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊரில் இருக்கலாம். பீகாரில் நிலைமை நேர்மாறு. ஒரே ஊருக்குள் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மாட்டார்கள். கல்யாணம் ஆன பெண் என்றாலே வெளியூர்க்காரி. ஆகவே சீட்டில் உள்ள ஊர் தகப்பன் ஊரா, மாமனார் ஊரா என்பதே முதல் சிக்கல். தகப்பன் ஊராக இருந்தால் கணவரைப் பற்றி அந்த ஊர் ஆவணம் ஒன்றும் சொல்லாது. மாமனார் ஊராக இருந்தால் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு அங்கே தேடுவது வீண். சாரண் மாவட்டத்தில் 1893 முதல் 1901 வரை நில அளவையும் உரிமைப் பதிவும் நடந்தன. சுஜாரியா கப்பலேறுவதற்கு இரண்டே ஆண்டு முன்பு முடிந்த பணி. ஊர்வாரியாக நிலம் வைத்திருந்தவர்களின் பெயரும் அவர்களின் தகப்பன் பெயரும் சாதியும் அதில் பதிவாயின. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் அதில் மனைவியர் இல்லை. ஊரில் இருந்த பிராமணக் குடும்பங்களை அது பட்டியலிட்டுத் தரும். எந்த வீட்டில் ஒரு பெண் குறைந்தாள் என்பதைத் தராது.

மரபணுச் சோதனை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்பது இப்போதைய நம்பிக்கை. கப்பலில் பிறந்த அந்த மகனின் ஆண்வழி வாரிசுகளிடம் தகப்பனின் ஒய் குரோமோசோம் இருக்கும் என்பது சரி. அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சாப்ராக் கிராமத்தில் யாராவது சோதனை செய்துகொண்டிருக்க வேண்டுமே! இத்தகைய வணிகத் தரவுத்தளங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக்காரர்கள். பொருந்துகிற ஒருவர் கிடைத்தார் என்றே கொள்வோம். அது ஒரு பங்காளிக் கூட்டத்தைக் காட்டும். அண்ணனா தம்பியா சித்தப்பனா என்று பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது காட்டுவது பிள்ளையின் தகப்பனை. அவர் சுஜாரியாவின் கணவர் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டவர்களுக்குத்தான் இந்த விடை முழு விடையாகத் தெரியும்.

சட்டத்துக்கும் இதே திண்டாட்டம் இருந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. இறந்திருப்பார் என்று அனுமானிக்கலாம். எப்போது, எப்படி இறந்தார் என்று அனுமானிக்க முடியாது. எல்ஐசி வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே இப்படி ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு அப்பால் காலடி வைக்காமல் நிற்கும் ஒழுக்கம் வம்ச வரலாறு எழுதுகிறவர்களுக்கு அவ்வளவாக வாய்ப்பதில்லை. மரத்தின் கிளையில் ஒரு காலியிடம் அவர்கள் கண்ணை உறுத்துகிறது. கயானாவிலோ மொரீஷியஸிலோ நேட்டாலிலோ உள்ள குடும்பங்களுக்கு இதில் நடைமுறைத் தேவையும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறவும் மூதாதையர் ஆவணம் வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் சந்தேகித்தால் எதையுமே தேட வேண்டாம் என்றாகிவிடாதா என்று கேட்கலாம். அப்படியில்லை. நம் பக்கத்து நிலைமையோடு ஒப்பிட்டால் சுஜாரியா நிறைய எழுத்தை விட்டுச்சென்றவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணியின் பின்னால் போன தமிழர்களுக்கு இத்தகைய தனித்தனிச் சீட்டுகள் பெரும்பாலும் கிடையாது. இலங்கைக்குப் போனவர் கழுத்தில் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. பெயர் கங்காணியின் கணக்கில் இருந்தது, கணக்கு கங்காணியோடு போயிற்று. கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பாத ஒரு தமிழ்க் கணவரைத் தேடுகிறவருக்கு, வெறுமையாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒரு கட்டம் இல்லை. வெற்றிடம் என்பது படிவம் இருந்தால்தான் தெரியும்.

சொல்லாமல் மறைத்த ஒரு பெண்ணின் இரகசியத்தை நான்காம் தலைமுறையில் தோண்டுவது தகுமா என்ற ஆட்சேபம்தான் எனக்கு இவற்றில் கனமானதாகப் படுகிறது. கணவர் பெயரைக் கேட்ட அதிகாரியிடம் அவர் வாய் திறக்கவில்லை என்றால், அந்த மௌனமும் அவர் செய்த செயல்தான். பெயர் கண்டுபிடிக்கும் தேடல் அந்தச் செயலை ரத்துசெய்யப் பார்க்கிறது. ஆனால் அவர் ஏன் சொல்லாமல் விட்டார், எந்தச் சட்டமும் எந்த ஊர்வழக்கமும் அவரைச் சொல்லவிடாமல் செய்தன என்று கேட்பது அவருக்கு எதிரான கேள்வி அல்ல. பகதூர் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் என்று நான் வாசிக்கிறேன். கேள்விகளை அடுக்கும் அவருடைய நடையைச் சிலர் உத்தி என்று ஒதுக்கலாம். கையில் இருக்கும் சான்று எதைத் தாங்குமோ அதற்கு மேல் ஒரு வாக்கியமும் எழுத மறுப்பதற்கு அதுவே நேர்மையான நடை.

தேடலைத் தொடர விரும்புகிறவருக்கு வழி கணவர் பக்கம் இல்லை, கப்பல் பக்கம் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் உள்ள வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. அதே தாணாவிலிருந்து பதிவானவர்கள் யார், அடுத்தடுத்த எண்களில் பெண்கள் யார், அவர்களில் கணவர் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கலாம். ஒரே கப்பலில் வந்தவர்கள் 'ஜஹாஜி' உறவு என்று சொல்லித் தலைமுறைகளுக்கு அண்ணன் தங்கை முறை கொண்டாடினார்கள். சுஜாரியா தன் மகனிடம் சொல்லாததைக் கப்பல் தங்கையிடம் சொல்லியிருக்கக் கூடும், அவள் பேத்தி அதைக் கேட்டிருக்கக் கூடும். சாரண் மாவட்டத்து வீட்டுக்கோ இந்தக் கதை வேறு தலைப்பில்தான் தெரியும். அங்கே கணவர் யாரும் காணாமல் போகவில்லை. அவர் உயிரோடிருந்தால் தன் திண்ணையிலேயே இருந்திருப்பார், மறுபடி மணந்திருப்பார், நில உரிமைப் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு நிற்பார். காணாமல் போனவள் மனைவி. ஆண்களின் பெயர்களை மட்டுமே அடுக்கும் அந்த வீட்டு வம்சாவளியில் அவள் இருந்தபோதும் பெயர் இல்லை, போன பிறகும் பெயர் இல்லை. ஆகவே அவளைத் தேடி இதுவரை எவரும் அங்கிருந்து கயானாவுக்குக் கடிதம் எழுதவில்லை என்றால் அதில் வியப்பும் இல்லை.